ஏழு ஏழு ஏழு

புந்தா அரீனாஸில் காற்றடிக்கும் மாதங்களில்
தெருக் கம்பங்களுக்கிடையே கயிறு கட்டிவிடுவார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
எனக்கு அந்த இரவு பிடித்துக்கொள்ள இருந்தது
பதிவேட்டின் அடியில் ஒரே ஒரு வரி:
அனுமதி மறுக்கப்பட்டது.

வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பதாம் நாள்.
வ்லாதிமிரோ மகளின் பல் வைத்தியத்துக்குச்
சாந்தியாகோ போயிருந்தான்.
போகும்போது சொன்னது:
"ஒன்றும் ஆகாது."

துறைமுகத்தின் அளவுகோல்
ஆறு நிமிடத்துக்கு ஓர் எண் அனுப்பும்.
அவற்றையெல்லாம் அள்ளி, வரிசையாக்கி,
விடிவதற்குள் ஓத அட்டவணை செய்வது
நாற்பத்திரண்டு வரி ஸ்கிரிப்ட்.
அதற்கென்றே ஒரு பயனர் கணக்கு, மரேயா.
எங்கள் மொழியில் அப்படியென்றால் ஓதம்.

இரண்டு மணிக்கு அது ஓடவில்லை.
மூன்று மணிக்கும்.
ஐந்தரைக்குப் போர்வெனீர் சரக்குப் படகு.
கேப்டன் ஓயார்சுன் நாலே காலுக்கே அழைத்தார்:
"யஸ்னா, தண்ணீர் எவ்வளவு?"
பார்க்கிறேன் என்றேன்.
எதைப் பார்ப்பதென்று தெரியாமல்.

பயந்தவர்கள் செய்வதைச் செய்தேன்.
வாசிக்க நான்கு, எழுத இரண்டு, இயக்க ஒன்று,
கூட்டினால் ஏழு.
உரியவருக்கு ஏழு, குழுவுக்கு ஏழு,
ஊர் பேர் தெரியாதவருக்கும் ஏழு.
சூடோ போட்டு, மரேயாவின் வீடு முழுக்க,
அறை, அலமாரி, இழுப்பறை, இழுப்பறைக்குள் சாவி,
எல்லாம் திற.
திறந்துகொண்டது. ஒரு முணுமுணுப்பும் இல்லை.
(திட்டாத கணினியை நம்பக்கூடாதென்று
அப்போது தெரியாது.)

அடுத்த நொடி
காற்று எந்தக் கம்பியை உலுக்கியதோ,
இணைப்பு அறுந்தது.
மறுபடி தட்டினேன்.
என் சாவிதான், என் விரல்தான், சரியான பெயர்தான்.
அனுமதி மறுக்கப்பட்டது.

யாரும் நுழைந்து எதையும் எழுதக்கூடிய வீட்டில்
எந்தச் சாவியை நம்புவது என்கிறது வாசல் காவல்.
நியாயம்தான்.
இந்த ஊரில் கதவைத் திறந்துபோட்டால்
காற்று அதைக் கீலோடு கொண்டுபோகும்.
நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும் எனக்கு.
விசைப்பலகை முன் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

கயிற்றைப் பிடித்து, பாதி குனிந்து,
மூக்கு ஒழுக
மேட்டுத் தெரு அலுவலகத்திலிருந்து கொட்டகைக்கு.
பதினோரு நிமிட நடை. அன்று இருபத்தாறு.
சர்வர் ஓர் உப்புப் பூத்த பெட்டி.
மேலே யாரோ குடித்து வைத்த மாத்தே காய்ந்துகிடந்தது.

திரையைத் துடைத்து
முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்:
எல்எஸ், ஒரு கோடு, எல்.

அட்டவணைக் கோப்பு.
உரிமையாளர்: ரூட்.
கடைசியாக எழுதியது: நேற்று, மாலை ஐந்து பத்து.

நேற்று மாலை ஐந்து பத்துக்குச்
சும்மா ஓட்டிப் பார்ப்போமே என்று
சூடோவோடு அந்த ஸ்கிரிப்டை ஓட்டியது
நான்.
ராஜா முத்திரை வைத்து மூடிவிட்டு
குமாஸ்தா ஏன் திருத்தவில்லை என்று
இரவெல்லாம் கத்தியிருக்கிறேன்.

கோப்பை மரேயாவுக்கே எழுதிக் கொடுத்தேன்.
வீட்டுக்கு ஏழு ஐந்து பூஜ்யம்.
சாவி அறைக்கு ஏழு பூஜ்யம் பூஜ்யம்,
சாவிக்கு ஆறு பூஜ்யம் பூஜ்யம்.
ஒவ்வொரு பூஜ்யத்துக்கும்
எங்கோ ஒரு தாழ்ப்பாள் விழுவது போலிருந்தது.
ஸ்கிரிப்ட் ஓடியது. நான்கு விநாடி.

"ஒரு மீட்டர் நாற்பது, கேப்டன். ஏறுகிறது."
"இதற்கா இவ்வளவு நேரம்?"
"ஆமாம்."

படகு போய்விட்டது.
வ்லாதிமிரோ திரும்பிவிட்டான். மகளுக்குக் கம்பி போட்டாயிற்று.
நான் இன்னும் இழுப்பறை இழுப்பறையாய்ப் போகிறேன்.
எந்தக் கோப்புக்கு முன்பு என்ன எண் இருந்ததென்று
எங்கேயும் யாரும்
எழுதி வைக்கவில்லை.